ஒத்திகையே இல்லாத தியேட்டர்

காபிப் பழம், மிளகுக்கொடி, குரங்குத் தொல்லைன்னு எழுதிக்கிட்டு இருந்தவ இன்னிக்குக் கொஞ்சம் சூடா இருக்கேன். மொக்கைப் பதிவு எதிர்பார்த்து வந்தவங்க அப்படியே எஸ்கேப் ஆயிடலாம். இது புலம்பல் பதிவு. பாதிக்கு மேல சண்டைப் பதிவு.

போன மாசம் இங்கே ஏற்காட்டுல ஒரு கிரகப்பிரவேசம். கீழே சேலத்துல இருந்து ஒரு பெரிய சர்ஜன் வந்திருந்தார். ரங்கமணிக்கு தூரத்து உறவு. பந்தியில எனக்கு நேர் எதிரே உட்கார்ந்து, தன்கிட்ட எம்.எஸ். படிக்கிற பசங்களுக்காக வி.ஆர். கண்ணாடி வாங்கப் போறதைப் பத்திப் பெருமையா சொல்லிக்கிட்டு இருந்தார். தலையில மாட்டினா கண்ணு முன்னாடி ஆபரேஷன் தியேட்டரே வந்து நிக்குமாம். அறுக்கலாம், தைக்கலாம், ரத்தம் பீய்ச்சும். ஆனா யாரும் சாக மாட்டாங்க.

நல்ல விஷயமாச்சேன்னு, "தியேட்டர் சிஸ்டர்களுக்கும் உண்டுங்களா டாக்டர்?"னு கேட்டேன்.

ரசத்தைப் பிசைஞ்சுக்கிட்டே சிரிச்சார். "அவங்களுக்கு எதுக்கும்மா? ட்ரேல இருக்கறதை எடுத்து நீட்டறதுக்கு கண்ணாடி வேணுமா? கூட நின்னு பார்த்தா தானா வந்துடும்."

முப்பது வருஷத்துக்கு மேல தியேட்டர்ல நின்னு "எடுத்து நீட்டினவ" நான். பந்தியில சண்டை போட்டா வீட்டுக்காரங்க பாவம். பாயசம் வேற நல்லா இருந்தது. அதனால அங்கே வாயை மூடிக்கிட்டு வந்து, இங்கே திறக்கறேன்.

எடுத்து நீட்டறதுன்னா என்ன?

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். தியேட்டர்ல நர்ஸ் வேலை ரெண்டு வகை. கை கழுவி, கவுன் போட்டு, கிளவுஸ் மாட்டி சர்ஜன் பக்கத்துல நிக்கறவ ஸ்க்ரப் நர்ஸ். கிருமி நீக்கின எல்லைக்கு வெளியே நின்னு, வேணுங்கிறதைப் பிரிச்சுப் போட்டு, எழுதி, எண்ணி, ஓடிக்கிட்டே இருக்கறவ சர்குலேட்டிங் நர்ஸ்.

நல்ல சர்ஜன் கேஸ் நடுவுல வாயே திறக்க மாட்டார். கையை மட்டும் விரிப்பார். அந்த உள்ளங்கையில, அந்த நொடிக்கு என்ன வேணுமோ அது, அவர் திருப்பிப் பிடிக்கத் தேவையில்லாத திசையில வந்து விழணும். அதுக்கு ஆபரேஷனோட அடுத்த படி என்னன்னு அவருக்குத் தெரியற அளவு எனக்கும் தெரிஞ்சிருக்கணும். ஊசியை நீடில் ஹோல்டர்ல எந்த இடத்துல கவ்வணும், எந்த அடுக்குக்கு எந்த நூல், கத்தியைக் கையில கொடுக்கணுமா கிட்னி ட்ரேல வெச்சு நீட்டணுமா, யாரோட முழங்கை எதுல பட்டுச்சு, பட்டுதுன்னா அதை அவர் முகத்துக்கு நேரே சொல்றது எப்படி... இத்தனையும் அந்த "எடுத்து நீட்டறது"க்குள்ளே அடக்கம்.

இதுக்கெல்லாம் மேல ஒண்ணு இருக்கு. எண்ணறது. மாப், காஸ், ஊசி, ஆயுதம் எல்லாத்தையும் கத்தி வைக்கறதுக்கு முன்னாடி எண்ணணும். வயித்தை மூடறதுக்கு முன்னாடி எண்ணணும். தோலைத் தைக்கறதுக்கு முன்னாடி மறுபடியும் எண்ணணும். ரெண்டு பேர் சேர்ந்து, வாய்விட்டு. பத்துன்னு ஆரம்பிச்சா பத்துல முடியணும்.

கேக்க ஒண்ணாங்கிளாஸ் கணக்கு மாதிரி இருக்கா? இருங்க, கொஞ்சம் கொசுவத்தி சுத்தறேன்.

அந்த ஒரு நிமிஷம்

1987. எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரின்னு யாரும் கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். நான் தியேட்டருக்கு வந்து மூணாவது வாரம். ராத்திரி ஒண்ணரை மணிக்கு சிசேரியன். பெரிய சிஸ்டர் பக்கத்து டேபிள்ல இருந்தாங்க. இந்த டேபிளுக்கு நானும் ஒரு ஆயாம்மாவும். குழந்தை வந்தாச்சு, அழுதாச்சு. தாய்க்கு ரத்தம் நிக்கல. "மாப்... மாப்... இன்னொண்ணு"ன்னு சர்ஜன் கேக்கக் கேக்க நீட்டினேன். ஒருவழியா நின்னுச்சு. எல்லாரும் மூச்சு விட்டாங்க.

"கவுண்ட்?"

எண்ணினேன். ஒம்பது. திரும்ப எண்ணினேன். ஒம்பதுதான்.

"கவுண்ட் சரியாம்மா? சீக்கிரம் சொல்லு, அடுத்த கேஸ் வெளியே படுத்திருக்கு."

"சரியா இருக்கு சார்."

ஆமாங்க. அப்படித்தான் சொன்னேன். பொய். இருபத்தி மூணு வயசு, எதிர்ல கத்திக்குப் பேர்போன சர்ஜன். தொண்டையில இருந்து அதுதான் வந்தது. அவர் நூலைக் கேட்டார், எடுத்துக் கொடுத்தேன். ரெண்டு தையல் போட்டார். ஆயாம்மா என் முகத்தையே பார்த்துக்கிட்டு நின்னாங்க. "கண்ணு, இன்னொருக்கா எண்ணிப்பாரு சாமி"ன்னாங்க, மெதுவா. அவங்க சொன்னதுக்கு அப்புறம்தான் எனக்கு வாய் வந்தது. "சார், ஒண்ணு குறையுது. மூடாதீங்க."

அந்த அறையில எல்லாரும் கேக்கற மாதிரி ஒரு கெட்ட வார்த்தை விழுந்தது. அப்புறம் தையலைப் பிரிச்சார். கையை விட்டுத் தேடினார். கர்ப்பப்பைக்குப் பின்னாடி இருந்து ரத்தத்துல ஊறி, கை அடக்கத்துக்குச் சுருங்கிப்போன மாப் வந்தது.

அந்தம்மா ஏழாம் நாள் குழந்தையோட வீட்டுக்குப் போனாங்க. என்ன நடந்ததுன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் பொய் சொன்னதுக்கும் உண்மை சொன்னதுக்கும் நடுவுல ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அந்த ஒரு நிமிஷத்தை இன்னிக்கும் தூக்கிட்டு நடக்கறேன்.

இப்ப சொல்லுங்க, எனக்கு எண்ணத் தெரியாதா? நல்லாவே தெரியும். எனக்குத் தெரியாதது, எண்ணினதை வாய்விட்டுச் சொல்றது. "ஒண்ணு குறையுது சார், மூடாதீங்க"ங்கிற வாக்கியத்தை மூணு வருஷ நர்ஸிங் படிப்புல ஒரு தடவைகூட என்னை யாரும் சொல்ல வைக்கல. அந்த வாக்கியத்துக்கு என்னோட முதல் ஒத்திகை, உயிருள்ள ஒரு பொம்பளையோட திறந்த வயித்துக்கு முன்னாடி நடந்தது.

சினிமாவுல நாலு வரி வசனத்துக்கு ரிகர்சல் உண்டு. பள்ளிக்கூட ஆண்டுவிழா நாடகத்துக்குக்கூட ஒரு மாசம் ஒத்திகை. ஒத்திகையே இல்லாத ஒரே தியேட்டர் எங்க தியேட்டர்தான்.

இது என் ஒருத்தி கதை மட்டுமில்ல

2003-ல அதுல் கவாண்டேங்கிற சர்ஜனும் அவரோட கூட்டாளிகளும் அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி செஞ்சாங்க. உடம்புக்குள்ள பஞ்சோ ஆயுதமோ விட்டுப்போன 54 நோயாளிகளோட ஆவணங்களை எடுத்து, அது எப்போ அதிகமா நடக்குதுன்னு பார்த்தாங்க. அவசர ஆபரேஷன்ல அந்த ஆபத்து சுமார் 9 மடங்கு. போட்ட திட்டம் நடுவுல மாறினா 4 மடங்கு. விட்டுப்போனதுல மூணுல ரெண்டு பங்குக்கு மேல பஞ்சு வகைதான். நடுராத்திரி, ரத்தம், அவசரம், மாப். என் கதையேதான்.

2008-ல உலக சுகாதார நிறுவனம் ஆபரேஷனுக்கு ஒரு செக்லிஸ்ட் கொண்டு வந்தது. டெல்லி உட்பட உலகம் முழுக்க 8 ஊர் ஆஸ்பத்திரிகள்ல சோதிச்சுப் பார்த்து 2009-ல முடிவை வெளியிட்டாங்க. சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8-க்கு இறங்கிச்சு. பெரிய சிக்கல்கள் 11-ல இருந்து 7 சதவீதத்துக்கு வந்துச்சு. அந்த செக்லிஸ்ட்டோட கடைசிப் பகுதி என்ன தெரியுமா? நோயாளி தியேட்டரை விட்டு வெளியே போறதுக்கு முன்னாடி, ஆயுதம், பஞ்சு, ஊசி எண்ணிக்கை சரியா இருக்குன்னு நர்ஸ் வாய்விட்டுச் சொல்லணும்.

ஆக, அந்த வாக்கியத்தை நர்ஸோட வாயில வெச்சது உலக சுகாதார நிறுவனம். அதைச் சொல்லப் பழக்கறது யாரோட வேலை? அங்கேதான் எல்லாரும் மேலே ஃபேனைப் பார்க்கறாங்க.

மூடுபனியும் ஒரு மரப்பெட்டியும்

இந்த மாதிரிப் பிரச்சினை விமானக்காரங்களுக்கு எப்பவோ வந்தது. 1929-ல எட்வின் லிங்க்னு ஒரு அமெரிக்கர் தரையிலேயே நின்னு ஆடற ஒரு போலி விமானத்தைச் செஞ்சார். ஆர்கன் இசைக்கருவி செய்யற குடும்பத்துப் பிள்ளை. அந்தத் துருத்தி வேலையை வெச்சே செஞ்சார். ஆரம்பத்துல அதைப் பொழுதுபோக்கு பூங்காவுல வெச்சு காசுக்கு ஆட்டினாங்க. பொம்மைன்னு எல்லாரும் சிரிச்சாங்க. 1934-ல அமெரிக்க ராணுவ விமானிகள் தபால் கொண்டு போக ஆரம்பிச்சப்போ, மோசமான வானிலையில, கருவியை மட்டும் பார்த்து ஓட்டத் தெரியாம பல பேர் விழுந்து செத்தாங்க. அதுக்கு அப்புறம்தான் அந்த "பொம்மை"யில ஆறு வாங்கினாங்க.

ஏற்காட்டுக்காரிக்கு மூடுபனின்னா என்னன்னு சொல்லித் தரவேண்டியதில்ல. அடிவாரத்துல இருந்து மேல வர 20 கொண்டை ஊசி வளைவு. வண்டியே ஓட்டிப் பழகாத ஒருத்தர் கையில ஸ்டியரிங்கைக் கொடுத்து, பின்னாடி ஐம்பது பேரை ஏத்தி, "போகப் போகப் பழகிடும், கூட நின்னு பார்த்திருக்கே இல்ல?"ன்னு பனியில அனுப்புவீங்களா? அனுப்ப மாட்டீங்க. ஆனா தியேட்டருக்கு அப்படித்தான் அனுப்பறீங்க.

சரி, கண்ணாடி மேட்டருக்கு வருவோம்

வி.ஆர். பயிற்சி சும்மா விளம்பரமா, நிஜமா வேலை செய்யுமா? 2002-ல யேல் பல்கலைக்கழகத்துல 16 இளம் சர்ஜன்களை ரெண்டாப் பிரிச்சாங்க. பாதிப் பேருக்கு கம்ப்யூட்டர் திரையில வி.ஆர். பயிற்சியும் உண்டு, மீதிப் பேருக்கு வழக்கமான பயிற்சி மட்டும். அப்புறம் நிஜமா பித்தப்பை ஆபரேஷன் செய்ய வெச்சாங்க. வி.ஆர்.ல பழகினவங்க 29 சதவீதம் வேகமா முடிச்சாங்க. பழகாதவங்க பித்தப்பையைக் கிழிக்கவோ தேவையில்லாத இடத்தைச் சுடவோ வாய்ப்பு 5 மடங்கு இருந்தது. இன்னிக்கு இருக்கற கண்ணாடி எல்லாம் அப்ப கிடையாது, சாதாரண திரைதான்.

"அது சர்ஜன்களுக்குத்தானே"ன்னு பந்தி டாக்டர் கேக்கறது என் காதுல விழுது. 2021-ல லண்டன் இம்பீரியல் காலேஜ் ஆளுங்க ஸ்க்ரப் நர்ஸ்களுக்குன்னே ஒரு ஆராய்ச்சி வெளியிட்டாங்க. ஒரு தடவை மாத்தின மூட்டை மறுபடி மாத்தற முழங்கால் ஆபரேஷன். ட்ரே மேல ட்ரேயா ஆயுதம் வர்ற, அடிக்கடி வராத கேஸ். அதைக் கண்ணாடி மாட்டிப் பழகின நர்ஸ்களுக்கு ஒவ்வொரு தடவையும் வேகம் கூடிச்சு, பக்கத்துல இருந்து எடுத்துக் கொடுக்கவேண்டிய குறிப்பு குறைஞ்சுது.

நம்ம ஊர்ல முடியாதுன்னும் சொல்ல முடியாது. சென்னையிலேயே மெடிசிம் விஆர்னு ஒரு நிறுவனம் மருத்துவம், நர்ஸிங் படிக்கறவங்களுக்கு இந்த மாதிரிப் பயிற்சி செஞ்சு தருது. 2018-ல இந்திய நர்ஸிங் கவுன்சில் ஹரியானா குருகிராம்ல ஒரு தேசிய சிமுலேஷன் மையம் திறக்க வெச்சது. 2021-ல அரசிதழ்ல வந்த புது பி.எஸ்ஸி நர்ஸிங் பாடத்திட்டத்துலயும் சிமுலேஷன் இருக்கு. ஆக, காகிதத்துல நர்ஸும் ஒத்திகைக்கு உரியவதான். பந்தியிலதான் இல்லை.

வரப்போற பின்னூட்டங்களுக்கு முன்கூட்டியே பதில்

1. "நின்னு பார்த்தா தானா வந்துடும்."

வரும். எனக்கும் வந்தது. அதுக்கு ஆன செலவை யார் கொடுத்தது? அந்தத் தாயோட வயித்துல போட்ட தையலைப் பிரிச்சது என்னோட பயிற்சிச் செலவு. "அனுபவம்"னு நாம வாய் நிறைய சொல்றதோட பில்லு எப்பவும் மயக்கத்துல படுத்திருக்கறவங்க பேர்லதான் போகுது. அதுலயும் தர்ம ஆஸ்பத்திரிக்கு வர்ற ஏழைங்க பேர்லதான்.

2. "கண்ணாடியில கைக்கு உணர்ச்சி தெரியாதே?"

தெரியாது. இதை நானே ஒத்துக்கறேன். பக்கத்து எஸ்டேட் பையன் கண்ணாடியை மாட்டிப் பார்த்தேன். கையில ஒரு பிளாஸ்டிக் பிடி, அது லேசா அதிரும், அவ்வளவுதான். ரத்தத்துல ஊறின மாப் எவ்வளவு கனக்கும், ஈர கிளவுஸ்ல நூல் எப்படி வழுக்கும், ஆர்ட்டரி ஃபோர்செப்ஸை உள்ளங்கையில எந்த அழுத்தத்துல வெச்சா சர்ஜனுக்கு விழாம நிக்கும்... இதெல்லாம் அதுல வராது. அஞ்சு நிமிஷத்துல எனக்குத் தலை சுத்திச்சு வேற :-)

கைப் பழக்கத்துக்கு நிஜ ஆயுதம், நிஜ ட்ராலி, பொம்மை உடம்பு வேணும். அதுக்கு ஒரு காலி அறையும் பொறுமையான ஒரு சீனியர் சிஸ்டரும் போதும். கண்ணாடி வேற ஒண்ணுக்கு. வரிசை, எண்ணிக்கை, எல்லை, வாய். நடுராத்திரி ரத்தம் நிக்காத கேஸை யாராலயும் டைம்டேபிள் போட்டு வரவழைக்க முடியாது. கண்ணாடியில முடியும். ஒரு மாப் குறையும். சர்ஜன் உருவம் "சீக்கிரம் சொல்லு"ன்னு கத்தும். நீ வாயைத் திறந்து சொல்லலைன்னா அது வயித்தை மூடிடும். மூடினா நீ தோத்தே. பரவாயில்ல, திரும்ப ஆரம்பி. பத்து தடவை தோத்துட்டு பதினோராவது தடவை நிஜ தியேட்டர்ல நில்லு. அப்ப அந்த வாக்கியம் தொண்டையில சிக்காது.

3. "காசு?"

கண்ணாடி இப்போ நல்ல செல்ஃபோன் விலைக்கு வந்தாச்சு. நிஜ செலவு ரெண்டு இடத்துல. ஒண்ணு, நம்ம கேஸுக்கு, நம்ம மொழியில நிரல் எழுதறது. ரெண்டாவது, சிஸ்டரோட நேரம். பன்னெண்டு மணிநேர ட்யூட்டி முடிச்சவளை "வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அரை மணி பழகிட்டுப் போம்மா"ன்னா அது பயிற்சி இல்ல, தண்டனை. ட்யூட்டி நேரத்துல, அவ இடத்துல வேற ஆளை நிறுத்திட்டுக் கத்துக்கொடுங்க.

4. "கண்ணாடி வந்துட்டா சீனியர் சிஸ்டர் எதுக்கு?"

இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, மனசுக்குள்ள கணக்கு போடுவாங்க. எனக்குப் பயமே இதுலதான். 2015-ல தமிழ்நாட்டு அரசு ஆயிரக்கணக்குல நர்ஸ்களை ஒப்பந்தத்துல எடுத்தப்போ மாசச் சம்பளம் 7,700 ரூபா. 2017 நவம்பர்ல அவங்க சென்னை டி.எம்.எஸ். வளாகத்துல உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. கொரோனாவுல உயிரைக் கொடுத்து வேலை பார்த்த ஒப்பந்த நர்ஸ்கள் ரெண்டாயிரத்துக்கும் மேல, 2022 டிசம்பர் 31-ஓட வேலை முடிஞ்சதுன்னு வீட்டுக்கு அனுப்பப்பட்டாங்க. 2023 புத்தாண்டுக்கு அவங்க சேலத்துல தெருவுல நின்னாங்க. பழகின கையைத் தெருவுல விட்டுட்டு, பழகறதுக்குக் கண்ணாடி வாங்கினா, அந்தக் கண்ணாடியை யார் தலையில மாட்டுவீங்க?

தெளிவாச் சொல்லிடறேன். கண்ணாடி வேணும்னு கேக்கறேன். சிஸ்டருக்குப் பதிலா கேக்கல, சிஸ்டருக்காகக் கேக்கறேன்.

மலைக்கு ஏன் முதல்ல?

யாரும் யோசிக்காத விஷயம் ஒண்ணு இருக்கு. கண்ணாடியை எல்லாரும் பெரிய காலேஜுக்குத்தான் வாங்கறாங்க. கேஸு குவிஞ்சு கிடக்கற இடம் அது. அங்கே ஒரு தியேட்டர் சிஸ்டர் வாரத்துக்கு எத்தனையோ சிசேரியன் பார்ப்பா, கை மறக்காது. மலை ஊர், சின்ன ஊர் ஆஸ்பத்திரியில எப்பவோ ஒரு கேஸு. வார்டு, ஓ.பி., தடுப்பூசின்னு ஓடிக்கிட்டு இருக்கற அதே சிஸ்டரைத் திடீர்னு ஒருநாள் ஸ்க்ரப் பண்ணச் சொல்வாங்க. பழக்கம் குறைவா இருக்கற இடத்துக்குத்தான் ஒத்திகை அதிகம் வேணும். நாம தலைகீழாப் பண்றோம்.

இந்த சேர்வராயன் மலையையே எடுத்துக்குங்க. நாகலூர், செம்மநத்தம், மஞ்சக்குட்டைன்னு சுத்திலும் மலையாளி மக்களோட ஊருங்க. (மலையாளின்னதும் கேரளான்னு நினைக்காதீங்க, மலையை ஆளறவங்க, தமிழ் பேசற பழங்குடி.) 2008-ல 108 வண்டி வந்த பிறகு நிலைமை எவ்வளவோ தேவலை. இருந்தாலும் சிக்கலான பிரசவம்னா இருட்டுல, பனியில, இருபது வளைவையும் இறங்கித்தான் சேலம் போகணும். இன்னொரு பாதை குப்பனூர் வழி, அதுவும் மலைதான். 2024 டிசம்பர் முதல் வாரம் ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சு போக்குவரத்து நின்னப்போ, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து நான் யோசிச்சது ஒண்ணே ஒண்ணுதான். இன்னிக்கு ராத்திரி யாருக்காவது வலி எடுத்தா?

"சர்ஜனும் மயக்க டாக்டரும் இல்லாம நர்ஸ் மட்டும் என்ன பண்ணுவா?"ன்னு கேப்பீங்க. நியாயம். அவங்களும் வேணும், அதுக்குத் தனியா ஒரு சண்டைப் பதிவு போடலாம். ஆனா டாக்டர் எப்படியோ வந்து சேர்ந்த ராத்திரியில, எட்டு மாசமா ஸ்க்ரப் பண்ணாத ஒரு சிஸ்டர் நடுங்கற கையோட நிக்கக் கூடாது. இப்ப இந்த மலை ஊர்ப் பிள்ளைங்களும் நர்ஸிங் படிச்சிட்டு வருதுங்க. அந்தக் கண்ணாடிக்குள்ள வர்ற சர்ஜன் அமெரிக்க இங்கிலீஷ்ல பேசினா அதுங்களுக்குப் பாதி புரியாது. "சிஸ்டர், மாப் எத்தனை?"ன்னு தமிழ்ல கேக்கட்டும். நிஜ தியேட்டர்ல அப்படித்தானே கேக்கறாங்க?

நான் கேக்கறது

பெருசா ஒண்ணும் இல்ல, நாலே நாலு.

ஒண்ணு: டாக்டர்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கற எந்த ஆஸ்பத்திரியும் தியேட்டர் நர்ஸுக்கும் ஒண்ணு வாங்கணும். முடிஞ்சா ரெண்டு பேரையும் ஒரே நேரத்துல, ஒரே கேஸ்ல பழக்கணும். அந்த அறையில நர்ஸ் "ஒண்ணு குறையுது"ன்னு சொல்லிப் பழகறப்போ, சர்ஜன் அதைக் கேட்டுப் பழகட்டும். கத்தாம இருக்கவும் ஒத்திகை வேணும் டாக்டர்களே, உள்குத்து எல்லாம் இல்ல, நேர்க்குத்துதான்.

ரெண்டு: மூட்டு மாத்தறதுக்கு முன்னாடி, ரத்தம் நிக்காத சிசேரியனுக்கு நிரல் எழுதுங்க. தமிழ்ல.

மூணு: பயிற்சி ட்யூட்டி நேரத்துல. அதுல தோத்தா மெமோ கிடையாது. தோக்கறதுக்குத்தான் அந்த அறையே.

நாலு: கண்ணாடியோட ஒரு சீனியர் சிஸ்டர். சம்பளத்தோட, நிரந்தரமா.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் கம்ப்யூட்டர் முன்னாடி ஆணி புடுங்கறவங்கதான்னு எனக்குத் தெரியும். உங்கள்ல யாருக்காவது இந்தக் கண்ணாடிக்கு நிரல் எழுதத் தெரியும்னா, ஒரு விண்ணப்பம். ஒரு தியேட்டர், ஒரு ட்ராலி, பத்து மாப். அதுல ஒண்ணு காணாம போகணும். ஒவ்வொரு தடவையும் வேற வேற இடத்துல. ஆபரேஷன் எப்படி நடக்கும், எந்த இடத்துல என்ன எடுப்போம், எங்கே கை தவறும்னு படிப்படியா நான் உட்கார்ந்து எழுதித் தர்றேன். காசு வேணாம். காபி நானே போட்டுத் தர்றேன், எங்க தோட்டத்துக் கொட்டைதான்.

அந்த மூணாவது வாரத்து ராத்திரிக்கு முன்னாடி எனக்கு அப்படி ஒரு அறை இருந்திருந்தா, ஆயாம்மா என் முகத்தைப் பார்க்கவேண்டிய அவசியம் வந்திருக்காது. அந்த ஆயாம்மா இப்போ இல்ல. தியேட்டர்ல பேசக் கத்துக்கொடுத்த என்னோட ஒரே டீச்சர் அவங்கதான். அவங்க சம்பளம் என்னதுல பாதிகூட இருக்காது.

டிஸ்கி: பந்தி டாக்டர் இதைப் படிச்சா கோவிச்சுக்க வேணாம். அடுத்த தடவை மலைக்கு வர்றப்போ வீட்டுக்கு வாங்க. ட்ரேல வெச்சு காபி நீட்டறேன். அதுக்கு ஒத்திகை தேவையில்ல.